டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை: உப்புவெளியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

உப்புவெளியில் நான்கு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அவரிடம் இருப்பது 7 கிலோ டிரையர், வாங்கி மூன்று வருடம். பின்பக்கக் குழாய் வழியாக ஈரக்காற்றை வெளியே விடும் வகை. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை அதை அவர் தொடவே இல்லை. வளவில் கொடி கட்டினால் கச்சான் காற்றுக்கு ஒரு மணித்தியாலத்தில் துவாய் காய்ந்துவிடுகிறது, பிறகு எதற்கு மெஷின்? ஐப்பசி கடைசியில் மழை பிடித்ததும் போட்டிருக்கிறார். லைட் எரிகிறது, டிரம் சுற்றுகிறது, ஆனால் ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் உடுப்பு போட்டது போலவே ஈரமாகவும் குளிராகவும் கிடக்கிறது. பார்க்க வந்த ஒருவர் மூடியைக்கூடக் கழற்றாமல், "ஹீட்டர் போயிட்டுது, இனி இதுக்குக் காசு போடாதீங்க, புதுசு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திருத்துவதா, புதிது எடுப்பதா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஹீட்டர் போயிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திறந்து அளக்காமல் அதைச் சொல்ல யாராலும் முடியாது. இந்த வேலையில் நான் இருந்த காலத்தில், "சூடு வரவில்லை" என்று வந்த மெஷின்களில் ஹீட்டர் கம்பி தன்பாட்டில் தேய்ந்து அறுந்தது குறைவு. காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே கொதித்து, காவலுக்கு வைத்த ஒரு சின்னப் பாகம் கறண்டை அறுத்துவிட்டதுதான் அதிகம். அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிவிட்டுக் காற்று வழியைப் பார்க்காமல் விட்டால், இரண்டு கிழமையில் அதே ஆள் திரும்ப வரவேண்டியிருக்கும். சூடு வராத டிரையரில் நான் முதலில் காற்றைத்தான் பார்ப்பேன்.

இந்த மெஷின் வேலை செய்யும் விதம் எளிது. ஒரு விசிறி வெளிக்காற்றை இழுத்து ஹீட்டர் மீது செலுத்துகிறது. சூடான காற்று டிரம்முக்குள் போய் ஈரத்தை எடுத்துக்கொண்டு, துணியிலிருந்து உதிரும் தும்பைப் பிடிக்கும் வடிகட்டியைக் கடந்து, குழாய் வழியாக வெளியே போகிறது. ஹீட்டரைக் குளிர்விப்பதும் அந்தக் காற்றுத்தான். ஓட்டம் குறைந்தால் ஹீட்டரைச் சுற்றி வெப்பம் தேங்கும். முதலில், சூட்டின் அளவைக் கவனிக்கும் தேர்மோஸ்டாட் கறண்டை நிறுத்திப் பிறகு விடும். நிலைமை இன்னும் மோசமானால் கட்அவுட் என்று நாங்கள் சொல்லும் பாதுகாப்புப் பாகம் ஒரேயடியாக அறுத்துவிடும். மோட்டருக்குத் தனி வழி இருப்பதால் டிரம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் காண்பது அதைத்தான். (மோட்டரையும் சேர்த்து நிறுத்தும் மாடல்களும் உண்டு, உங்களுடையது அதுவல்ல என்பது சுற்றுவதிலிருந்தே தெரிகிறது.)

மூடி கழற்ற முன் இரண்டு சின்ன விஷயங்கள். சூடு இல்லாமல் வெறும் காற்றில் ஓடும் புரோகிராம் பல மெஷின்களில் உண்டு. அறை துடைக்க வரும் பிள்ளை குமிழைத் திருப்பிவிட்டுப் போயிருந்தால் நாள் முழுக்க ஓடினாலும் சூடு வராது. சிரிக்காதீர்கள், இதற்காக நான் நிலாவெளி வரை மோட்டார் சைக்கிளில் போய் வந்திருக்கிறேன். அடுத்தது, பெரும்பாலான புரோகிராம்களில் கடைசிப் பத்து நிமிடம் அளவு ஹீட்டர் நின்று வெறும் காற்று ஓடும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து கை வைத்துப் பார்த்துவிட்டு "குளிருது" என்று முடிவு கட்டக்கூடாது.

சரி, இப்போது ஒரு சதம் செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஏனோ யாரும் செய்வதில்லை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள்: பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர், அறைகளில் உள்ள ஏசி, எல்லாம். டிரையருக்குள் இரண்டு ஈரத் துவாயைப் போடுங்கள். வெறுமையாக ஓட்டினால், சென்சர் உள்ள மெஷின் எல்லாம் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். கூடிய சூட்டில், நேரம் குறித்து ஓடும் புரோகிராமை வைத்து ஓட விட்டுவிட்டு, வெளியே போய் மின்சார மீட்டருக்கு முன்னால் நில்லுங்கள்.

இலக்கம் காட்டும் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டு என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 1600 என்று வைத்துக்கொள்வோம். டிரையரில் மோட்டர் மட்டும் ஓடினால் 200 வாட் அளவுதான் இழுக்கும். விளக்கு 11 செக்கனுக்கு ஒரு தடவை சிமிட்டும். ஹீட்டரும் சேர்ந்தால் 2200 வாட் அளவுக்குப் போகும். அப்போது ஏறத்தாழச் செக்கனுக்கு ஒரு சிமிட்டு. வித்தியாசம் கண்ணிலேயே தெரியும், கணக்குத் தேவையில்லை. உங்களிடம் தட்டுச் சுற்றும் பழைய மீட்டர் இருந்தாலும் இதே கதைதான்: ஒன்றில் தட்டு ஊரும், மற்றதில் ஓடும்.

தொடக்கத்திலிருந்தே மீட்டர் ஊர்ந்துகொண்டே இருந்தால் (தட்டோ சிமிட்டலோ, மெதுவாகவே இருந்தால்), ஹீட்டருக்குக் கறண்ட் போகவில்லை. எங்கோ ஓரிடத்தில் வழி அறுந்திருக்கிறது, மூடி கழற்றித்தான் தேட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஓடி, பிறகு ஊர்ந்து, மறுபடி ஓடினால், ஹீட்டர் நல்லது, கறண்டும் போகிறது, காற்றுத்தான் போகவில்லை. தேர்மோஸ்டாட் பயந்து பயந்து நிறுத்துகிறது. (உடுப்புக் காய்ந்துவரும் கட்டத்தில் இப்படி விட்டுவிட்டு வருவது வழக்கம்தான். தொடக்கத்திலேயே நடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.) விடாமல் ஓடிக்கொண்டே இருந்தும் உடுப்புக் காயாவிட்டால், மெஷினில் குறை குறைவு. அளவுக்கு மேல் போட்டிருப்பீர்கள், அல்லது துணி தண்ணீர் சொட்டச் சொட்டப் போயிருக்கும். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது முக்கால் யூனிட்டுக்குக் கிட்ட வேண்டும். கையால் பிழிந்த துவாய்க்கும், வோஷிங் மெஷினில் வேகமாகச் சுற்றி எடுத்த துவாய்க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைக் கறண்ட் பில்லில் பார்க்கலாம்.

வோல்டேஜ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் எல்லாப் பழியும் வோல்டேஜ் மீதுதான் விழும். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். பின்னேரம் அது 200க்கு இறங்கினால், 2000 வாட் ஹீட்டர் 1500 வாட் அளவுதான் தரும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால், வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சூடு நிறையக் குறையும். ஆனால் குறையுமே தவிர இல்லாமல் போகாது. உங்களுடையது முற்றாகக் குளிர் என்கிறீர்கள். அப்படியானால் வோல்டேஜை விட்டுவிடலாம்.

அடுத்தது குழாய். ஏழு மாதம் தூங்கிய மெஷின் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னை இங்கே நிறுத்துகிறது. வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தைப் போய்ப் பாருங்கள். திருகோணமலையில் அந்த ஓட்டையைச் சும்மா விட்டால் மண்கூடு கட்டும் குளவி குடியேறும். பல்லி போகும், எலி போகும். இதற்குப் பயந்து பல பேர் அதற்கு நுளம்பு வலை அடித்து வைப்பார்கள். அது குளவியைவிட மோசம். வடிகட்டியைத் தாண்டி வரும் மெல்லிய தும்பு அந்த வலையில் படியும். கடற்கரைக் காற்றின் உப்பு ஈரம் சேர, ஒரு பருவத்திலேயே அது கம்பளித் துண்டு போல் ஓட்டையை அடைத்துவிடும். வலை இருந்தால் கழற்றி எறியுங்கள். காற்று வரும்போது மட்டும் திறந்து, நின்றதும் தானாக மூடும் தட்டுள்ள வாய்தான் அங்கே வேண்டும். மெஷின் ஓடும்போது அந்தத் தட்டு நன்றாக எழும்பி நிற்கவேண்டும். சும்மா துடித்துக்கொண்டிருந்தால் காற்றுப் போதாது.

இன்னொன்றும் உங்கள் இடத்துக்கே உரியது. அந்த வாய் கடலைப் பார்த்து இருக்கிறதா? வாடைக்காற்று தொடங்கினால் வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். டிரையர் விசிறிக்கு அதை எதிர்த்துத் தள்ளும் பலம் கிடையாது. தட்டு மூடியே கிடக்கும், மழைத் தண்ணீரும் குழாய்க்குள் இறங்கும். கச்சான் காலத்தில் ஒரு குறையும் இல்லாத மெஷின், தேவைப்படும் மாரியில் மட்டும் மக்கர் பண்ணும். அப்படியிருந்தால் குழாயை வேறு பக்கச் சுவருக்கு மாற்றுவதுதான் நிரந்தர வழி. குழாய் எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லது. மெஷினைச் சுவரோடு தள்ளும்போது பின்னால் அது நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் என்றால் இந்தச் சாட்டில் அலுமினியக் குழாய்க்கு மாறிவிடுங்கள்.

குழாயைப் பின்னாலிருந்து கழற்றிவிட்டு, யன்னலைத் திறந்து, ஐந்து நிமிடம் ஓட்டி மீட்டரைப் பாருங்கள். விட்டுவிட்டு ஓடியது இப்போது விடாமல் ஓடினால் குற்றவாளி குழாய்தான், மெஷினுக்குள் யாரும் கை வைக்கத் தேவையில்லை. வடிகட்டி வலையையும் தண்ணீர்ப் பைப்புக்குக் கீழே பிடியுங்கள். தண்ணீர் வழிந்தோடாமல் வலையில் தேங்கி நின்றால், துணிக்கு வாசனைக்குப் போடும் திரவம் மெழுகு போலப் படிந்திருக்கிறது. பார்வைக்கு வலை சுத்தமாகத்தான் தெரியும். சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் போதும்.

குழாயைக் கழற்றிய பிறகும் மீட்டர் ஊர்ந்துகொண்டே இருக்கிறதா? அப்படியானால் மூடி கழற்றும் வேலை. மல்டிமீட்டர் (வோல்ட்டையும், கறண்டுக்கு உள்ள தடையை ஓம் கணக்கிலும் அளக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்த வயரிங் ஆள் ஒருவரைக் கூப்பிடுங்கள், இனி எழுதுவதை அவரிடம் காட்டுங்கள்.

சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றி உங்கள் கண்முன்னே தரையில் கிடக்க விடுங்கள். கழற்றிய கையோடு பிளக்கின் ஊசிகளையும் பாருங்கள்; கறுத்து, பிளாஸ்டிக் உருகிய மணம் வந்தால் சொக்கட்டையும் மாற்ற வேண்டும். 2500 வாட் டிரையர் ஏறத்தாழ 11 அம்பியர் இழுக்கும். அதை எக்ஸ்டென்ஷன் வயரில், கேத்தலோடு சேர்த்துப் போட்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மோட்டருக்குப் பக்கத்தில் உருளையாக ஒரு கப்பாசிட்டர் இருக்கும்; பிளக் கழற்றிய பிறகும் அதில் கறண்ட் தங்கியிருக்கலாம், முனைகளில் விரல் படக்கூடாது. தகட்டு ஓரங்கள் பிளேடு மாதிரி வெட்டும், கையுறை போடுங்கள். ஒரு வயரைக் கழற்ற முன் தொலைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். நானும் ஞாபகத்தை நம்பிக் கெட்டவன்தான்.

ஹீட்டருக்குக் கறண்ட் போவது ஒற்றைச் சங்கிலி. கதவுச் சுவிட்ச், மெஷினை இயக்கும் மின்னணுப் போர்டில் உள்ள ரிலே (கறண்டைத் தானாக விட்டு நிறுத்தும் சின்னச் சுவிட்ச்) அல்லது டைமர், தேர்மோஸ்டாட், கட்அவுட், ஹீட்டர், பிறகு நியூட்ரல். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், எல்லாம் குளிர். எந்தக் கண்ணி என்று தேடுவதுதான் முழு வேலையும். ஒவ்வொன்றிலும் ஒரு வயரையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் வேறு வழியால் சுற்றி வரும் வாசிப்பு ஆளை ஏமாற்றும்.

ஆனால் மல்டிமீட்டரை எடுக்க முன் கண்ணால் பாருங்கள். கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் நான் அதிகம் கண்டது பாகங்களின் பழுதை அல்ல, வயர் முனைகளின் பழுதை. ஹீட்டரில் செருகியிருக்கும் தட்டை முனை உப்புக்காற்றில் பச்சை பிடித்துத் தளர்ந்திருக்கும். தளர்ந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும், கடைசியில் கருகி விழும். ஏழு மாதம் ஓடாமல் ஈரத்தில் கிடந்த மெஷினுக்கு இது நன்றாகவே பொருந்தும். கருகிய பகுதியை வெட்டி எறிந்து, வெப்பம் தாங்கும் வயரில் புது முனை அழுத்திப் போடவேண்டும். ஈயம் வைத்து ஒட்டக்கூடாது, அந்தச் சூட்டில் இளகிவிடும். கறுப்பு டேப் சுற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முனைகள் நல்லது என்றால் கட்அவுட். பல ஐரோப்பிய வகை மெஷின்களில் பின்பக்கத்திலோ ஹீட்டர் பெட்டியிலோ ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் "டிக்" என்று திரும்பவும் பிடித்துக்கொள்ளும். அப்படியொன்று இருந்து, அழுத்தியதும் சூடு வந்தால், சந்தோஷப்பட்டு மெஷினை மூடிவிட வேண்டாம். அது ஏன் தட்டியது என்று குழாய்ப் பக்கம் திரும்பப் போங்கள். பொத்தான் இல்லாத வகை ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான், மாற்ற வேண்டும். மல்டிமீட்டரில் பூச்சியம் ஓம் அளவு காட்டினால் நல்லது, ஒன்றும் காட்டாவிட்டால் போய்விட்டது. பல மாடல்களுக்குக் கட்அவுட்டும் தேர்மோஸ்டாட்டும் சோடியாகவே விற்பார்கள். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். தேர்மோஸ்டாட் நேரத்துக்கு நிறுத்தாததால்தான் சில வேளை கட்அவுட் உயிரை விட்டிருக்கும்.

பிறகுதான் ஹீட்டர். எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்று தெரிய, 230ஐ 230ஆல் பெருக்கி, ஹீட்டரின் வாட்டால் பிரியுங்கள். 2000 வாட் என்றால் 26 ஓம், 2500 வாட் என்றால் 21 ஓம். அந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் கம்பி நல்லது; ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது, வந்து பார்த்தவர் சொன்னது சரி. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஹீட்டர் உள்ள மாடல்களில் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று போனால் சூடு பாதியாகுமே தவிர நிற்காது. ஹீட்டர் முனைக்கும் மெஷின் உடலுக்கும் இடையே எந்த வாசிப்பும் வரக்கூடாது. வந்தால் ஏர்த்துக்குக் கசிகிறது, டிரிப் சுவிட்ச் விழும்.

மூன்றும் நல்லது என்றால் வெப்பத்தை உணரும் தேர்மிஸ்டரையும் போர்டையும் பார்க்க வேண்டும். தேர்மிஸ்டரின் அளவு மாடலுக்கு மாடல் வேறு. ஆனால் கைக்குள் பொத்திப் பிடித்தால் ஓம் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் பழுது. போர்டில் ரிலேயின் கால்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் கறுப்பு வளையமோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செத்த பல்லி ஒன்றும் கிடக்கலாம். ஒட்டுவேலை தெரிந்தவர் என்றால் ரிலேயை மட்டும் மாற்றிவிடுவார், முழுப் போர்டும் வாங்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு தந்திரம் சொல்வார்கள், கேட்காதீர்கள்: "கட்அவுட்டுக்குப் பதில் ஒரு துண்டு வயர் போட்டு நேரே இணைச்சு விடுறன், பாகம் வந்தாப் பிறகு பாப்பம்." அப்படிச் செய்த ஒரு மெஷினை நான் பிறகு திறந்திருக்கிறேன். தலையணை உறைகள் தேயிலை நிறத்துக்கு வந்திருந்தன, டிரம்முக்குப் பின்னால் தும்பு கருகியிருந்தது. பாகம் வரும் வரை கொடியிலேயே காயப்போடுங்கள், விறாந்தையில் விசிறி போட்டாவது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான கணக்கைப் பார்த்தது. அங்கே வீடுகளில் வருடத்துக்கு ஏறத்தாழ 2900 டிரையர் தீ விபத்துகள். அவற்றில் 34 சதவீதத்துக்குக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. தும்பு என்பது பஞ்சு, பஞ்சுக்கு நெருப்பு எப்படிப் பிடிக்கும் என்று விளக்குத்திரி போடுகிற நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்களிடம் வரும் வெள்ளைக்காரர்கள் எண்ணெய் மசாஜ் எடுப்பவர்கள் என்றால் இதையும் கவனியுங்கள். நல்லெண்ணெய் ஊறிய துவாய் சாதாரணமாகத் தோய்த்தால் சுத்தமாவதில்லை. சூட்டோடு எடுத்து மடித்து அடுக்கி வைத்தால், உள்ளே தானாகவே சூடேறிப் புகையத் தொடங்கலாம். சுடுதண்ணீரில், சோப்புத்தூள் கூடப்போட்டுத் தோய்த்து, முடிந்தால் வெயிலில் மட்டும் போடுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டியில் வந்த மெஷின்கள் பற்றிக் கொஞ்சம். உங்களுடையது அப்படி வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இதை வாசிக்கும் யாருக்காவது உதவும். லண்டனில் உள்ள உறவினர் அனுப்பிய இன்டெசிட், ஹொட்பொயின்ட், கிரெடா, ஸ்வான், புரோலைன் டிரையர் என்றால், தயாரித்த திகதியைப் பாருங்கள். 2004 ஏப்ரலுக்கும் 2015 செப்டெம்பருக்கும் இடையில் செய்த சில மாடல்களில் தும்பு ஹீட்டரில் பட்டுத் தீப்பிடிக்கும் குறை இருந்தது. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஒரு மாடிக் குடியிருப்பு எரிந்தது அப்படியான ஒரு டிரையரால்தான். திருத்தப்படாமல் எஞ்சியிருந்தவற்றை 2019 இல் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். கப்பலேறி நம் வீட்டுக்கு வந்துவிட்டதை யார் திரும்பப் பெறுவது? மாடல் இலக்கத்தை வைத்து அனுப்பியவரையே அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கனடாவிலிருந்து வந்தது என்றால் சிக்கல் வேறு. அங்கத்தைய டிரையரில் ஹீட்டருக்கு 240 வோல்ட், மோட்டருக்கு 120 வோல்ட். இரண்டு லைவ், ஒரு நியூட்ரல் என்று வயர் வரும். நம் வீட்டில் ஒரே லைவ். டிரான்ஸ்போமர் போட்டு 120 வோல்ட் மட்டும் கொடுத்தால் மோட்டர் சுற்றும், ஆனால் ஹீட்டர் கால் பங்கு சூடுதான் தரும். போதாததற்கு அந்த மோட்டர் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. நம்முடைய 50இல் மெதுவாகச் சுற்றும், காற்றும் குறையும். அதைத் திருத்த ஆள் தேடுவது வீண். யூடியூபில் "இரண்டு பிரேக்கரில் ஒன்று விழுந்தால் டிரம் சுற்றும், சூடு வராது" என்று சொல்வதும் அந்த நாட்டு வயரிங்குக்குத்தான் பொருந்தும். அதைப் பார்த்துவிட்டு மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து கிண்ட வேண்டாம்.

ஹீட் பம்ப் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதில் சுடச்சுடக் காற்று எப்போதும் வராது, இளஞ்சூடுதான் இயல்பு. காயவே இல்லை என்றால் கீழ்த்தட்டில் உள்ள செதில்களில் தும்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு மேல் கை வைக்காதீர்கள். உள்ளே பிரிட்ஜில் இருப்பது போலக் கம்பிரசரும் வாயுவும் இருக்கும். சிலவற்றில் அந்த வாயு தீப்பற்றக்கூடிய புரோப்பேன்.

இனி உங்கள் கேள்விக்கு, தங்கச்சி. வயர் முனை, கட்அவுட், தேர்மோஸ்டாட் இவற்றில் எது போயிருந்தாலும் யோசிக்காமல் திருத்துங்கள், சின்னச் செலவு. ஹீட்டரே போயிருந்தாலும் மூன்று வருட மெஷினுக்குத் திருத்துவதுதான் சரி. போர்டு முழுதாகப் போய், டிரம்மின் பின்தகடும் உப்பில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் புதியதைப் பற்றி யோசிக்கலாம். கதவைத் திறந்தால் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் இலக்கம் இருக்கும். அதையும் கழற்றிய பழைய பாகத்தையும் கடைக்குக் கொண்டுபோங்கள். திருகோணமலையில் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம். உருவம் ஒரே மாதிரி இருக்கிறது என்று மட்டும் வாங்கக்கூடாது. தேர்மோஸ்டாட்டில் எத்தனை பாகையில் நிறுத்தும், எத்தனை அம்பியர் தாங்கும் என்று குத்தியிருக்கும். இரண்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

திருத்திய பிறகு வருகிற சித்திரையில் மெஷினை அப்படியே மறந்துவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம், இரண்டு துவாயோடு ஓட விடுங்கள். உள்ளே உள்ள ஈரம் போகும், குளவிக்கும் அது குடியிருக்கும் இடமல்ல என்று தெரியும். ஓட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது மீட்டரை எண்ணுவதும், வெளிச்சுவரில் அந்த வாயைப் பார்ப்பதும்தான். சிமிட்டல் எத்தனை செக்கனுக்கு ஒன்று, உங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை என்று அச்சிட்டிருக்கிறது, குழாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதை வைத்து, ஆளைக் கூப்பிட முன்பே எந்தப் பாகம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.